யாருக்காக மாறிய வண்டி

ஒற்றசேகரமங்கலத்தில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டு முற்றத்தில், வெள்ளி நிற ஹூண்டாய் ஐ10 ஒன்று வந்து நின்றது. 2012இல் பதிவான வண்டி. எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்திலிருந்து வந்ததால் எண்பலகை ‘டிஎன் 75’ என்று தொடங்கியது. வாங்க நினைத்தவள் திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் செவிலியாகப் பணிபுரியும் இளம்பெண். இரவுப் பணி முடிந்து விடியலில் வீடு திரும்பப் பேருந்தை மட்டும் நம்பியிருக்க அவளால் இயலவில்லை. வண்டியைப் பார்த்துச் சொல்ல வந்திருந்தவர் அவளுடைய தாய்மாமன். நாற்பது ஆண்டுகள் வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்தவர்.

அவர் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. முதலில் பின்னிருக்கையில் போய் அமர்ந்தார். முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கிறதா என்று பார்த்தார். பிறகு இறங்கிக் குனிந்து, வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே கையை நீட்டி அளந்தார். முற்றத்திலிருந்து சாலைக்கு ஏறும் செம்மண் சரிவில் இருமுறை ஏற்றி இறக்கினார். திருப்தியோடு, “நம்ம ரோட்டுக்கு இணங்கின வண்டியாக்கும் மக்களே” என்றார்.

மருமகள் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கின் நடுப்பகுதியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “மாமா, இதுல ஏர்பேக் இல்லியே?”

“அது கூடின மாடலுலதான் வரும். இது கீழ உள்ள மாடலு. அதுனாலதான் இந்த விலைக்குத் தாறான்.”

அவள் மறுமொழி சொல்லவில்லை. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவும் இல்லை.

மாமனின் வாயிலிருந்து இயல்பாக வந்த ‘இணங்கின’ என்ற சொல்லில் வாகனத் தொழிலின் அரை நூற்றாண்டு வரலாறு அடங்கியிருக்கிறது. ஒரு நாட்டில் பிறந்த கார் இன்னொரு நாட்டில் விலைபோக வேண்டுமானால் அது மாற வேண்டும். எதை நீட்டுவது, எதை உயர்த்துவது, எதை வெட்டுவது, எதைக் கழற்றிவிடுவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள். அந்த முடிவு ஒவ்வொன்றும், வாங்கப்போகிறவரைப் பற்றி விற்பவர் கொண்டிருக்கும் கருத்தின் பதிவு. மாறிய வண்டியைக் கூர்ந்து பார்த்தால், அந்த நாட்டு மனிதனைப் பற்றித் தொலைவில் ஓர் அறையில் அமர்ந்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

மாமன் ஓட்டிய முதல் வண்டி அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரே, கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில், 1950களின் இறுதியில் அம்பாசிடர் ஆயிற்று. அப்போது இணங்க வைக்கும் வேலையை நிறுவனம் அதிகம் செய்யவில்லை. செய்தவர்கள் ஓட்டுநர்களும் ஊர்ப் பட்டறைக்காரர்களும். நெய்யாற்றின் கரையோரம் ஏறி இறங்கும் சாலைகளில் ரப்பர் ஷீட்டுக் கட்டுகளும் பலாப்பழங்களும் மனிதர்களும் ஒன்றாகப் பயணம் செய்ததால், பின்சக்கரத்து லீஃப் பிளேட்டில் ஒன்றைக் கூட்டுவது அவருடைய வழக்கம். முன்னிருக்கை ஒரே நீள இருக்கை. ஓட்டுநருக்கு அருகில் இருவர் அமர்வார்கள், நெருக்கினால் மூவர். போட்டியற்ற அந்தக் காலத்தில் வண்டி ஊருக்கேற்ப மாறவில்லை. ஊர்தான் வண்டியைத் தட்டித் தட்டித் தன் வழிக்குக் கொண்டுவந்தது.

சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் சற்று வேறுவிதமாக நடந்துகொண்டது. இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு இரண்டு கதவுகள் கொண்ட சிறு கார். தனியாக ஓட்டிச் செல்லும் இளைஞனையோ தம்பதியையோ நினைத்து வரைந்தது. சென்னையில் அதை வாங்கியவர்கள் குடும்பத்தோடு சென்றார்கள். முன்னிருக்கையை மடக்கிப் பாட்டியைப் பின்னால் நுழைப்பது எளிதன்று. ஆகவே இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் வந்த அதன் வழித்தோன்றலான கெசலில் பின்சக்கர அச்சின் அமைப்பும் நம் சாலைகளுக்காக மாற்றப்பட்டது. வாங்குபவரின் வீட்டில் எத்தனை பேர், அவர்கள் எப்படி அமர்கிறார்கள், எவ்வழியே போகிறார்கள் என்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு அந்த இரண்டு கூடுதல் கதவுகள் சான்று.

இத்தகைய கவனிப்பு பெரும் வணிகக் கலையாக வளர்ந்த இடம் சீனா. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 1980களில் ஷாங்காயில் சந்தானா காரை உருவாக்கத் தொடங்கியது. ஐரோப்பாவில் பெரிதாக எடுபடாத அந்தக் கார் சீனச் சாலைகளில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்தது. அன்று சீனாவில் கார் என்பது பெரும்பாலும் அரசு அலுவலகத்துக்கோ நிறுவனத்துக்கோ உரியது. உரிமை உடையவர் பின்னால் அமர்ந்தார், ஓட்டுநர் வேறொருவர். ஐரோப்பிய வடிவமைப்பாளர் முன்னிருக்கையில் அமர்ந்தவரையே காரின் நாயகனாகக் கண்டிருந்தார். சீனாவில் நாயகன் பின்னிருக்கைக்கு நகர்ந்துவிட்டார். 1995இல் வந்த சந்தானா 2000 அந்தப் பின்னிருக்கைக்காகவே நீட்டப்பட்டது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் சாங்சுன் நகரில் ஆடி ஏ6 காரின் நீண்ட வடிவம் உருவாயிற்று. 2006இல் பிஎம்டபிள்யூ தன் 5 வரிசைக் காரைச் சீனாவுக்காக 14 செ.மீ. நீட்டியது. பின்னர் மெர்சிடிஸும் அவ்வழியே வந்தது. அரசு அதிகாரிகளுக்குப் பின் தனியார் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கியபோதும் இந்த நீளம் குறையவில்லை. பெற்றோரையும் மாமனார் மாமியாரையும் பின்னிருக்கையில் வசதியாக அமர்த்துவது அங்கும் மரியாதையின் பகுதியாக இருந்தது. அதே நீண்ட வடிவங்கள் பிற்காலத்தில் இந்தியாவுக்கும் வந்தன. 2021இல் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலையில் பிஎம்டபிள்யூ 3 வரிசையின் நீண்ட கார் உருவாகத் தொடங்கியது. முழங்காலைக் கொண்டு வண்டியை அளந்த ஒற்றசேகரமங்கலத்துத் தாய்மாமன், பெரும் நிறுவனங்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்ட அதே அளவுகோலைத்தான் கையாண்டிருக்கிறார்.

உலோகத்தை நீட்டுவதோடு பெயரையும் மாற்ற வேண்டியிருந்தது. சீன எழுத்து ஒலியை மட்டும் தாங்கி நிற்பதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. எனவே பிஎம்டபிள்யூ அங்கே ‘பாவ்மா’ ஆயிற்று. ‘அரிய குதிரை’ என்று பொருள். ஒலியும் ஓரளவு ஒட்டுகிறது, பொருளும் அழகாக அமைகிறது. பென்ஸ் ‘பென்ச்சி’ ஆகி, விரைந்து பாய்வதைக் குறித்தது. இவை வெற்றிகள். தோல்விக்கு எடுத்துக்காட்டு டொயோட்டா. அதன் பிராடோ காருக்கு வைத்த சீனப் பெயர் ‘பாதாவ்’. அதற்கு அடாவடியாக ஆதிக்கம் செலுத்துதல் என்ற பொருளும் உண்டு. 2003இல் வந்த விளம்பரத்தில் சாலையோரக் கல் சிங்கம் ஒன்று அந்தக் காருக்குக் கையுயர்த்தி வணக்கம் செலுத்தியது. ஜப்பானியக் காரை, அந்தப் பெயரில், சீனத்துச் சிங்கம் வணங்குவதாகக் காட்டியது பழைய போர்க்காலக் காயத்தைக் கிளறிவிட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பிறகு பொருளற்ற ஒலிபெயர்ப்பாகப் பெயரை மாற்றிக்கொண்டது. ஒலிக்கேற்ற எழுத்தைத் தேடியவர்கள், அந்த எழுத்துகளை வாசிக்கப்போகிறவரின் நினைவில் என்ன கிடக்கிறது என்று கேட்கத் தவறியிருந்தார்கள்.

அயலிலிருந்து வருவது எவ்வாறு உள்ளூர்மயமாக வேண்டும் என்ற கேள்வி தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் சொல்லதிகார எச்சவியல் இதற்கு விதி வகுத்திருக்கிறது. வடசொல் தமிழுக்குள் வரலாம். ஆனால் வடவெழுத்தை வாசலில் விட்டுவிட்டுத் தமிழெழுத்தோடு பொருந்தி வர வேண்டும். அதனால்தான் லக்ஷ்மி இலக்குமி ஆனாள், பங்கஜம் பங்கயம் ஆயிற்று, விஷம் விடமாயிற்று. அடுத்து வரும் நூற்பா இன்னும் நுட்பமானது. வரும் சொல் சிதைந்தே வந்தாலும், அது பொருந்தி வருமாயின் விலக்க வேண்டியதில்லை என்கிறது. சிதைவு குற்றமாகக் கருதப்படவில்லை, இயைபுதான் நிபந்தனை.

இந்த விதியின் உள்ளே சொல்லாமல் நிற்கும் ஒன்று உண்டு. ‘விடம்’ என்ற சொல் தன் ஒரு மெய்யொலியை இழந்தது. ஆனால் நஞ்சு என்ற பொருளை இழக்கவில்லை. சொல் எதற்காகப் பிறந்ததோ அந்தப் பணி கெடாதவரை, அதன் உருவம் எவ்வளவு மாறினாலும் அது இயைபுதான். பணியே போய்விட்டால் எஞ்சுவது வெற்றொலி. வாகனங்கள் ஊர்மாறி வரும்போதும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்: எது சிதைந்தது, எது இயைந்தது?

1990களில் சந்தை திறந்தபின் தமிழ்நாட்டுக்கு வந்த நிறுவனங்கள் இந்தப் பாடத்தை ஓரளவு கற்றன. ஃபோர்டு முதலில் கொண்டுவந்தது எஸ்கார்ட். ஐரோப்பாவில் பழகிய காரை ஏறத்தாழ அப்படியே இங்கு விற்கும் முயற்சி அது. பெரிய வரவேற்பு இல்லை. 1999இல் வந்த ஐகான், ஃபியஸ்டாவின் அடித்தளத்தில் இந்தியாவை மனத்தில் வைத்து உருவான கார். பின்னால் தனிப் பெட்டி, குடும்பத்துக்கான இருக்கை என்று இங்குள்ள வாழ்க்கையை ஒட்டி அமைந்த அந்தக் கார் இந்தியாவுக்கு வெளியேயும் ஏற்றுமதியானது. 1998இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தன் சான்ட்ரோவை வெளியிட்டது. கொரியாவில் ஆட்டோஸ் என்ற பெயரில் ஓடிய அந்தக் காரின் பின்புறத் தோற்றம் இந்தியக் கண்ணுக்கு ஒவ்வாது என்று கருதித் திருத்தப்பட்டது. அதன் உயர்ந்த கூரை முதலில் கேலிக்கு உள்ளானாலும், சேலை உடுத்திய பெண்களும் முதியவர்களும் குனியாமல் ஏறி இறங்க அதுவே வசதியாயிற்று. ஒற்றசேகரமங்கலத்துத் தாய்மாமன் அம்பாசிடரைக் கைவிட்டு மாறியதும் ஒரு பழைய சான்ட்ரோவுக்குத்தான்.

2006ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட் இந்த மாற்றங்களுக்கு இன்னொரு இலக்கணத்தைச் சேர்த்தது. நீளம் 4 மீட்டருக்குள்ளும், எஞ்சின் பெட்ரோலானால் 1200 சிசிக்குள்ளும் டீசலானால் 1500 சிசிக்குள்ளும் இருந்தால் அது சிறிய கார். உற்பத்தி வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறையும். உடனே வெட்டு வேலை தொடங்கியது. பின்பெட்டியுள்ள கார்களின் வால் குறுகியது. 2012இல் மாருதி டிசையர் 4 மீட்டருக்குள் வந்தது. மறுஆண்டு ஹோண்டா அமேஸ் அதே அளவில் பிறந்தது. பிரேசிலிலும் விற்ற ஃபோர்டு எகோஸ்போர்ட்டும் இந்தியாவில் அந்த வரம்புக்குள் அமைக்கப்பட்டது. சீனாவில் அதிகாரியின் முழங்காலுக்காகக் கார்கள் நீண்ட அதே ஆண்டுகளில், இந்தியாவில் வரிக்காகக் கார்கள் குட்டையாகிக்கொண்டிருந்தன. பின்பக்கம் திடீரென முடிந்துவிட்டதுபோல் தோன்றும் அந்தக் கார்களைப் பார்த்து அயல்நாட்டார் சிரித்திருக்கலாம். இருந்தாலும் அது இயைபே. பெட்டி சிறுத்தது; வண்டி வண்டியாகவே இருந்தது.

நீட்டுவதும் வெட்டுவதும் கண்ணுக்குத் தெரிவன. இன்னொரு வகை மாற்றம் கண்ணுக்குத் தெரிவதில்லை. செவிலியின் கை ஸ்டியரிங்கின் நடுவில் தேடியது அந்த வகையைத்தான்.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் அடிப்படை வகைகளை மோதிச் சோதித்து முடிவை வெளியிட்டது. மாருதி சுசுகி ஆல்டோ 800, டாடா நானோ, ஃபோர்டு ஃபிகோ, ஹூண்டாய் ஐ10, ஃபோக்ஸ்வாகன் போலோ ஆகிய ஐந்தும், வயதுவந்தோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. சோதனைக்கு வந்த வகைகள் எதிலும் காற்றுப்பை இல்லை. மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் நடந்த மோதலில் ஓட்டுநர் பொம்மையின் தலைக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே எதுவும் வந்து நிற்கவில்லை.

இந்த ஐந்தில் ஐ10இன் கதை தமிழ்நாட்டுக்கு மிக அருகிலுள்ளது. 2007 இறுதியில் அறிமுகமான அந்தக் கார் இருங்காட்டுக்கோட்டையில் உருவாகி ஐரோப்பாவுக்கும் கப்பலேறியது. 2008இல் ஐரோப்பாவின் யூரோ என்கேப் சோதனையில் ஐரோப்பிய வகை ஐ10 நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. இரு சோதனைகளின் விதிகளும் முழுதும் ஒன்றல்ல. நட்சத்திரங்களை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் கவனம் தேவை. ஆனால் ஒன்று தெளிவு. காற்றுப்பைகளோடு பாதுகாப்பான காரை உருவாக்கத் தெரிந்த கைகள் அந்த ஆலையிலேயே இருந்தன. அறிவு இல்லாததால் நேர்ந்த குறையன்று இது. கப்பலேறும் காரில் காற்றுப்பை இருந்தது. மார்த்தாண்டத்துக்கும் நெய்யாற்றங்கரைக்கும் லாரியேறிய அடிப்படை வகையில் அது இல்லை. அந்த வேறுபாட்டுக்கும் நிறுவனங்களின் மொழியில் பெயர் ஒன்றுதான்: உள்ளூர்ச் சந்தைக்கேற்ற தகவமைப்பு.

நிறுவனங்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இந்தியர் விலையைப் பார்த்து வாங்குகிறார், சில ஆயிரம் ரூபாய் கூடினால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார், காற்றுப்பை வேண்டியவர்க்கு உயர்வகையில் அது கிடைத்தது, சட்டமும் கேட்கவில்லை. இருசக்கர வண்டியில் நால்வராகச் செல்லும் குடும்பத்துக்குக் காற்றுப்பை இல்லாத கார்கூட முன்னேற்றம்தானே என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. இவை எளிதில் தள்ளக்கூடிய வாதங்களல்ல. மலிவான காரால் மழையில் நனையாமல் பள்ளிக்குப் போன குழந்தைகள் ஏராளம். தாய்மாமன் தன் தொழில் வாழ்க்கை முழுதும் காற்றுப்பை இல்லாத வண்டிகளையே ஓட்டினார். அவற்றால்தான் அவர் வீட்டில் அடுப்பெரிந்தது.

ஆயினும் அந்த நியாயத்தில் ஒரு விரிசல் இருக்கிறது. தெரிவு என்பது தெரிந்தவருக்கே உரியது. பின்னிருக்கை குறுகலானால் முழங்கால் உடனே சொல்லிவிடும். தரை தட்டினால் காதில் கேட்கும். விலை கூடினால் பணப்பை அறியும். காற்றுப்பை இல்லாமை மட்டும் எதன் வழியாகவும் தன்னை அறிவிப்பதில்லை, மோதும் அந்த ஒரு நொடி வரை. முழங்காலால் அளக்கவும் சரிவில் ஏற்றிச் சோதிக்கவும் தெரிந்த நாற்பதாண்டு அனுபவசாலிக்கே அதை அளக்கக் கருவி இல்லை. வாங்குபவர் கேட்கவில்லை என்று சொல்வதற்கு முன், கேட்கும் அளவுக்கு அவருக்குச் சொல்லப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

சோதனை முடிவு வெளிவந்தபின் நிகழ்ந்தவை இதை உறுதிப்படுத்துகின்றன. ஃபோக்ஸ்வாகன் காற்றுப்பையற்ற போலோவை விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டது. இரண்டு காற்றுப்பைகள் கொண்ட போலோ நான்கு நட்சத்திரங்கள் பெற்றது. 2019 ஜூலை முதல் ஓட்டுநருக்கான காற்றுப்பையும், 2021இல் அருகில் அமர்பவருக்கான காற்றுப்பையும் இந்தியாவில் கட்டாயமாயின. 2023 அக்டோபரில் நாட்டின் சொந்த மோதல் சோதனைத் திட்டமான பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. இன்று நட்சத்திர எண்ணிக்கையே விளம்பர வாசகமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்குள் இந்திய வாங்குபவரின் இயல்பு மாறிவிடவில்லை. அவருக்குத் தெரிந்தது மாறியது. அதற்கேற்ப அவர் கேட்பதும் மாறியது.

தொல்காப்பிய அளவுகோலுக்கு இங்கே திரும்பலாம். கதவைக் கூட்டியது, அச்சை மாற்றியது, நீட்டியது, குறுக்கியது ஆகியவை எல்லாம் சிதைந்தும் இயைந்தவை. பயணம் செய்பவரை உயிரோடு இறக்கிவிடுவது காரின் முதல் பணி. அதற்கான உறுப்பைக் கழற்றிவிட்டு, அதே பெயரையும் அதே தோற்றத்தையும் வைத்துக்கொள்வது சிதைவு மட்டுமே. முன்னவை வாங்குபவரின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தவை. பின்னது அவருடைய அறியாமையை மதிப்பிட்டுச் செய்தது.

கவனித்து மாறினாலும் நிலைபெற உறுதியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐகானையும் ஃபிகோவையும் இந்தியாவுக்காக உருவாக்கிய ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இங்கு கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறுஆண்டு மறைமலைநகரில் கடைசிக் கார் வெளியேறியது. ஆலையை நம்பியிருந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு, எந்த மாடல் இந்திய ரசனைக்குப் பொருந்தியது என்ற ஆய்வால் பயன் ஏதும் விளையவில்லை. 2024இல் ஏற்றுமதிக்காக அந்த ஆலையை மீண்டும் இயக்க ஃபோர்டு விருப்பம் தெரிவித்தது. நிறுவனம் போகவும் வரவும் முடியும். அதை நம்பி வீட்டுக்கடன் வாங்கியவரால் அப்படி இயலாது.

சீனாவில் இப்போது திசையே திரும்பியிருக்கிறது. 2023இல் அந்நாட்டின் மிக அதிகம் விற்கும் கார்ப்பெயர் என்ற இடத்தை ஃபோக்ஸ்வாகனிடமிருந்து பிஒய்டி கைப்பற்றியது. அதே ஆண்டு ஃபோக்ஸ்வாகன், சீனாவின் இளம் மின்கார் நிறுவனமான எக்ஸ்பெங்கில் முதலீடு செய்து, அதன் தொழில்நுட்பத்தைத் தன் சீனக் கார்களுக்குப் பெற முடிவு செய்தது. 2024 நவம்பரில் ஆடி, சீனக் கூட்டாளியோடு சேர்ந்து உருவாக்கிய புதிய மின்கார் வரிசையிலிருந்து தன் புகழ்பெற்ற நான்கு வளையங்களையே நீக்கிவிட்டு, வெறும் எழுத்துகளில் பெயரைப் பொறித்துக்கொண்டது. இருக்கையை நீட்டுவதில் தொடங்கிய இணக்கம், நெற்றித் திலகத்தை அழிப்பதில் வந்து நிற்கிறது. தெரிந்து கேட்கும் வாங்குபவர்களும் அவர்களுக்கு ஈடுகொடுக்கும் உள்ளூர்ப் போட்டியாளர்களும் இருந்தால், அயல் நிறுவனம் எவ்வளவு தூரம் இறங்கி வரும் என்பதற்கு இது சான்று.

அலை இந்தியக் கரையையும் தொட்டுவிட்டது. 2019இல் இங்கு வந்த எம்ஜி ஹெக்டர், பிரிட்டிஷ் பெயரும் சீன உரிமையும் கொண்ட கார். சீனாவின் பாவ்ஜுன் 530 இந்தியாவுக்காகத் திருத்தப்பட்டுக் குஜராத்தில் உருவாயிற்று. பின்னர் வந்த அதன் வடிவம் இந்தியும் ஆங்கிலமும் கலந்த குரற்கட்டளைகளைப் புரிந்துகொள்ளத் தொடங்கியது. மக்கள் உண்மையில் பேசும் கலப்பு மொழியை ஒரு கார் கற்றுக்கொள்வது நல்ல கவனிப்பே. ஆனால் கலந்து பேசுவோர் வடக்கில் மட்டும் இல்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் இந்த எல்லையோர ஊர்களில் வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் ஒரு மொழியும் சந்தையில் இரண்டும் கலந்த மொழியுமாக வாழ்க்கை நடக்கிறது. அந்தப் பேச்சைக் கற்கும் கார் எதுவும் விரைவில் வருமென்று தோன்றவில்லை. எண்ணிக்கையில் பெரிதாகத் தெரிபவர்களுக்கே இணக்கம் முதலில் வாய்க்கிறது. விளிம்பில் நிற்பவர்கள் வண்டிக்கு இணங்கிப் பழகுகிறார்கள்.

அன்று காலை அந்த முற்றத்தில் இவற்றில் எதுவும் பேசப்படவில்லை. சற்று நேரம் கழித்துச் செவிலி இறங்கி வந்து, தான் பணிபுரியும் அவசரப் பிரிவுக்கு நள்ளிரவில் வருபவர்களைப் பற்றிச் சொன்னாள். குரலை உயர்த்தாமல், பிறர் சமையலைப் பற்றிப் பேசுவதுபோல் சொன்னாள். ஸ்டியரிங்கில் மோதிய மார்பு எப்படி இருக்கும், முகம் எப்படி இருக்கும், கூட வந்தவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று சொன்னாள்.

தாய்மாமன் கேட்டுக்கொண்டு நின்றார். வண்டியை மீண்டும் ஒருமுறை சுற்றி வந்தார். இந்த முறை குனியவில்லை, முழங்காலால் அளக்கவும் இல்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து, ஸ்டியரிங்கின் நடுவே அவள் கைவைத்த இடத்தில் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

“ரோட்டுக்கு இணங்கும் மக்களே. உனக்கு இணங்காது” என்றார்.

சாவியை வண்டி கொண்டுவந்த பையனிடம் கொடுத்தனுப்பினார்கள். அடுத்த மாதம் அதே மாடலின் உயர்வகை ஒன்று கிடைத்தது. விலை கூடுதல், அதற்காக அவள் மேலும் சில இரவுப்பணிகளை ஏற்றுக்கொண்டாள். அந்த வண்டியைப் பார்க்கப் போனபோதும் மாமன் பின்னிருக்கையில்தான் முதலில் அமர்ந்தார். அதன்பின் முன்னால் வந்து, ஸ்டியரிங்கின் நடுவில் பொறித்திருந்த எழுத்துகளைத் தன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்.